ஓடை பயன்பாட்டில் இல்லை

காரை ஓட்டிட்டு வந்த தம்பியைத்தான் நான் ஆபீசர்னு நினைச்சுக் கும்பிட்டேன். அந்தத் தம்பி சிரிச்சுக்கிட்டே உங்களக் கை காட்டுது. என் மேல தப்பில்ல. மறுபடி ரிஸ்க் ரிப்போர்ட் எழுத ஆள் அனுப்புதோம்னு கம்பெனியிலருந்து போன்ல சொன்னாக. பொம்பளப் பிள்ளைய அனுப்புதோம்னு சொல்லல. ஒத்தையிலயா வந்தீக? பின்னாடி யாராவது சார் வாராரா? வரலையா. சரி. உட்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், அதுக்குக் கால் சரியில்ல.

எழுதுறதுன்னா எழுதிக்கிடுங்க. ஆனா நான் சொல்லுதத எழுதணும். உங்களுக்குத் தோணுறத எழுதப்பிடாது. ஏற்கெனவே ஒருத்தன் அப்படி எழுதித்தான் எனக்கு இந்த லெட்டர் வந்திருக்கு. வாசிக்கவா? 'உள்ளூர் ஆலோசகரின் கவனக்குறைவால் திட்டம் பாதிக்கப்பட்டது.' ஒரே வரி. உள்ளூர் ஆலோசகர் யாரு? நான்தான். தர்மக்கண். ரெவின்யூ இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டையர் ஆனவன். முப்பத்தெட்டு வருஷம் சர்வீஸ், ஒரு மெமோ கிடையாது. எனக்குக் கவனக்குறைவு.

நீங்க பிறக்கிறதுக்கு முன்னாடி இந்தத் தாலுகாவ நான் சங்கிலி போட்டு அளந்திருக்கேன். எந்தப் புஞ்சைக்கு எத்தனை பங்காளி, எந்தப் பங்காளிக்கு எவன் ஆகாதுன்னு எனக்குத் தெரியும். அதனாலதான் உங்க கம்பெனிக்காரன் என் வாசலுக்கு வந்தான். நான் தேடிப் போகல. அத முதல்ல எழுதுங்க.

போன வருஷம் மாசி மாசம் வந்தாக. ஒரு மேனேஜர், ஒரு என்ஜினீயர். எங்க வேப்பலூரணிக்குக் கிழக்க நூத்தியெண்பது ஏக்கர் கரிசல். பாதி தரிசு, பாதியில உளுந்தோ கம்போ போட்டா மழையப் பொறுத்து வரும். நாலு கிலோமீட்டர்ல கரண்டு சப்ஸ்டேஷன். வெயிலுக்குப் பஞ்சமே கிடையாது. சோலார் தகடு போட இதவிட இடம் கிடையாதுன்னாக. நிலத்தை வாங்கிக் குடுக்க புரோக்கர் இருக்கான். அவங்களுக்கு வேண்டியது வேற. யாரு தடுப்பா? எந்தப் பேப்பர் எந்த மேசையில நிக்கும்? ஊருக்குள்ள யாரு வாயத் திறந்தா வேலை நிக்கும்? அத எழுதிக் குடுங்கன்னாக.

எழுதினேன். நாப்பத்தொரு பக்கம். உங்க ஆபீஸ்ல இருக்கும், எடுத்துப் பாருங்க. மூணு கலர் போட்டுக் குடுத்தேன். சிவப்புன்னா நிறுத்திப்புடுவான். மஞ்சள்னா மிரட்டுவான், நிறுத்தமாட்டான். பச்சைன்னா கவலையில்ல. இருபத்தேழு பேரு. ஒவ்வொருத்தனுக்கும் எதுத்தாப்புல அவனுக்கு என்ன வேணும்னு எழுதினேன்.

ஆளுங்கட்சிக் கிளைச் செயலாளர் சிவப்பு. அவரு மகன் படிச்சிட்டு வீட்டுல கிடந்தான். வாட்ச்மேனுக்கெல்லாம் மேல ஒரு சூப்பர்வைசர்னு ஒரு வேலைய உண்டாக்கச் சொன்னேன். செயலாளர் பச்சையாயிட்டாரு. எதிர்க்கட்சிக்காரனும் சிவப்புதான். அவனுக்கு ஜல்லி லோடு காண்ட்ராக்ட். இவருக்குக் கிடைச்சது அவனுக்குத் தெரியும், அவனுக்குக் கிடைச்சது இவருக்குத் தெரியும், ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டு வாயத் திறக்கல. அம்மன் கோயில் தர்மகர்த்தா கொடைத் திருவிழாவுக்கு லைட்டு கேட்டாரு. போன்ல படம் பிடிச்சு ஊர் நியாயம் பேசுறவன் ஒருத்தன் இருக்கான், அவன் அக்கா மாப்பிள்ளை சொன்னாக் கேப்பான். அக்கா மாப்பிள்ளை எனக்குத் தெரிஞ்சவன். இப்படி ஒவ்வொண்ணா. இதெல்லாம் காலேஜ்ல சொல்லித் தரமாட்டாக.

என்னது? லிஸ்ட்டுல எத்தனை பொம்பளைகன்னா கேக்கீக? இது ரிஸ்க் ரிப்போர்ட்டும்மா. மகளிர் குழு லிஸ்ட் இல்ல.

ஆமா, பஞ்சாயத்துத் தலைவர் பொம்பளைதான். ஜெயக்கொடி. தலைவர் பதவியப் பெண்களுக்குன்னு ஒதுக்கினதால நின்னா. ஊர்ல தலைவர்னா அவ புருஷன் சங்கிலிப்பாண்டியத்தான் சொல்லுவாக. மனு குடுக்கிறவன் அவன் கையிலதான் குடுப்பான். அவன் வாசிச்சு, மடிச்சு, இந்த இடத்துல போடுன்னு விரல வைப்பான், அவ போடுவா. அதனால லிஸ்ட்டுல அவன் பேரத்தான் எழுதினேன். அவகிட்டப் பேசினீகளான்னா, என்னத்தப் பேச? போனா மோர் குடுப்பா. குடிச்சிட்டு வருவேன்.

ஆகஸ்ட் பதினைஞ்சு கிராம சபையில ஆட்சேபணை இல்லைன்னு தீர்மானம் போட்டாச்சு. கூட்டத்துக்கு இருபது பேரு வந்தாக. அது போதாதுல்ல, நோட்டுப் புத்தகத்த வீடு வீடாக் கொண்டு போய்க் கையெழுத்து வாங்கினோம். எல்லா ஊர்லயும் நடக்கிறதுதான். இத எழுதாதீக.

இப்ப ஓடை விஷயம். நீங்க அதுக்குத்தான் வந்திருக்கீக. எனக்குத் தெரியும், வந்ததுலருந்து அந்தப் பையில இருக்கிற மேப்பையே தடவிக்கிட்டு இருக்கீக.

புலப்படம்னு ஒண்ணு இருக்கு. ஒவ்வொரு சர்வே நம்பருக்கும் அளந்து வரைஞ்ச படம். இருநூத்திப் பன்னெண்டாம் நம்பர் படத்துல, வடமேற்குல நுழைஞ்சு தென்கிழக்குல இறங்குற மாதிரி ரெட்டைக் கோடு போட்டு 'ஓடை'ன்னு எழுதியிருக்கும். சர்க்கார் புறம்போக்கு. அது கண்மாய்க்குப் போற தண்ணிக்கு வழி. நான் அதப் பாக்கலைன்னு உங்க லெட்டர் சொல்லுது. பாக்காம இருப்பனா? நல்லாப் பாத்தேன். ரிப்போர்ட்ல எழுதியும் இருக்கேன், பத்தொன்பதாம் பக்கம். 'ஓடை பயன்பாட்டில் இல்லை.' இதுல என்ன பொய் இருக்கு? ஏழு வருஷமா அதுல தண்ணி ஓடல. சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. ஆடு படுத்துக் கிடக்கும். என்ஜினீயர் கேட்டான், சார் இத விட்டுட்டுத் தகடு நட்டா முப்பது ஏக்கர் வீணாப் போகுமேன்னு. நான் சொன்னேன், பேப்பர்ல இருக்கிறது ஓடை, தரையில இருக்கிறது தரை. ஜேசிபி வந்து மண்ணத் தள்ளி நிரவிருச்சு. ரெண்டு நாள் வேலை. புரட்டாசிக்குள்ள கம்பி வேலி போட்டு, இரும்பு கேட்டு வச்சு, முதல் வரிசைத் தகடு ஏத்தியாச்சு. தூரத்துலருந்து பாத்தா குளம் மாதிரி மினுங்கும்.

ஐப்பசி கடைசியில மழை. அந்த மாதிரி மழை நான் சர்வீஸ்ல இருந்தப்ப ஒரு தடவ பாத்திருக்கேன். பகல் ரெண்டு மணிக்கு இறங்கினது நாலு மணி வரைக்கும் விடல. மேற்க இருந்து வந்த தண்ணி வேலி வரைக்கும் வந்திருக்கு. அங்க மேடு. திரும்பி வேலியோரமாவே தெக்க ஓடி, குருவத்தாய் ஆட்டுப் பட்டிக்குள்ள விழுந்திருச்சு.

குருவத்தாய்னு ஒரு ஆட்டுக்காரி. புருஷன் செத்து ரொம்ப வருஷம். அம்பத்தைஞ்சு வயசு இருக்கும். ஊருக்குத் தெக்க பள்ளத்துல பட்டி போட்டிருக்கா. பெரிய ஆடுகள ஓட்டிக்கிட்டு மேச்சலுக்குப் போயிருந்தா. குட்டிகள வெயில் தாங்காதுன்னு பட்டியில அடைச்சிட்டுப் போறது வழக்கம். வேலி வந்ததுலருந்து அவ கிழக்காம போக முடியாது, சுத்திக்கிட்டு ரெண்டு மைல் நடக்கணும். திரும்பி வர நேரமாயிருச்சு. பத்தொன்பது குட்டி.

மறுநாள் நானே போனேன். கம்பெனியில யாரும் சொல்லல, நானாப் போனேன். அத எழுதுங்க. கருவேல மரத்தடியில வரிசையாக் கிடத்தி வச்சிருந்தா. தாய் ஆடெல்லாம் சுத்தி நின்னு கத்துது. பால் கட்டி மடி வீங்கிப் போய் நிக்குது. அவ ஒவ்வொண்ணாப் பிடிச்சுத் தரையில பாலப் பீச்சி விட்டுக்கிட்டு இருந்தா. என்ன நிமிர்ந்து பாக்கல.

நான் மனு எழுதியே கொண்டு போயிருந்தேன். 'இயற்கைப் பேரிடரால்' ஆடு செத்துருச்சு, நிவாரணம் வேணும்னு. கை நாட்டு வச்சாப் போதும், தாலுகா ஆபீஸ்ல நானே முன்னாடி நின்னு வாங்கித் தாரேன்னு சொன்னேன். அந்த ரெண்டு வார்த்தை எதுக்குன்னு உங்களுக்குப் புரியும். நாளைக்குக் கம்பெனி மேல வரக் கூடாதுல்ல. அவளுக்கும் நல்லது, கம்பெனிக்கும் நல்லது.

அவ கேட்டா, ஓடை எங்கன்னு.

"அங்க ஓடை எதுவும் கிடையாது தாயி. மழை அப்படிப் பேஞ்சிருச்சு"ன்னேன்.

"தண்ணி வழி தெரியாம வரல. வழியில்லாம வந்துச்சு"ன்னா.

அவ்வளவுதான். அடுத்த ஆட்டப் பிடிக்கப் போயிட்டா. மறுபடி தூறல் விழுந்து மனு நனைஞ்சு போச்சு. நான் வந்துட்டேன். திமிருதானே? உதவி செய்யப் போனவன்கிட்ட இப்படியா பேசுறது? அப்பவும் நான் அவளுக்கு ஒரு கலரும் போடல. கை நாட்டு, ஒத்தைப் பொம்பள, கோர்ட்டு எங்க இருக்குன்னு தெரியாதவ. அவளால என்ன ஆகும்? எந்த ஆபீசரக் கேட்டாலும் இதத்தான் சொல்லுவாரு.

அவ எங்கயும் போகல. மனு குடுக்கல. போலீசுக்குப் போகல. நான் விசாரிச்சுக்கிட்டேதான் இருந்தேன். ரெண்டு மாசம் ஆடு மேய்ச்சா.

ஜனவரி இருபத்தாறு கிராம சபை. ரெண்டாவது கட்டத்துக்கு இன்னும் நூறு ஏக்கருக்குத் தீர்மானம் வைக்க வேண்டியிருந்தது. நோட்டுல முன்னாடியே எழுதியாச்சு. பள்ளிக்கூடத்து வேப்ப மரத்தடியில கூட்டம். வழக்கமா இருபது பேரு வர்ற இடத்துல இருநூறு பேரு. பாதிக்கு மேல பொம்பளைக. யாரு கூப்பிட்டான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல.

சங்கிலிப்பாண்டி தீர்மானத்த வாசிச்சு முடிக்கல, குருவத்தாய் எழுந்திரிச்சிட்டா. அவன் உட்காரு, உன் ஆட்டு விஷயத்த அப்புறம் பேசுவோம்னான். அப்ப ஜெயக்கொடி, மேசைக்குப் பின்னால சும்மா உட்கார்ந்திருந்தவ, புருஷன் கையிலருந்து நோட்ட வாங்கித் தன் பக்கம் வச்சுக்கிட்டா. "அவ பேசட்டும்"னா. மெதுவாத்தான் சொன்னா. மைக் முன்னாடி இருந்ததால ஊருக்கே கேட்டுச்சு.

குருவத்தாய் கூட்டத்தப் பாத்துப் பேசல. என்னப் பாத்துப் பேசினா.

"நீங்க சங்கிலி பிடிச்சு அளந்த வருஷம், கல்லு சுமந்த பிள்ளைகள்ல நானும் ஒருத்தி. எனக்கு அப்பப் பதினஞ்சு வயசு. ஓடைக்கு மூணு கல்லு. மூணையும் நான்தான் தலையில வச்சுக் கொண்டாந்தேன். நீங்க இங்க ஊணு, இங்க ஊணுன்னு காட்டினீக. ரெண்டு கல்ல மிஷின் தூக்கிருச்சு. மூணாவது கல்லு உங்க கேட்டுக்குக் கீழ கிடக்கு. வாங்க, காட்டுதேன்."

எனக்கு அவள ஞாபகமே இல்லம்மா. சத்தியமா. அன்னைக்கு எத்தனையோ பிள்ளைக கல்லு தூக்கிச்சு. முகத்தையா பாத்துக்கிட்டு இருப்பேன்? நான் வேலையப் பாத்தேன்.

கூட்டம் எழுந்திரிச்சிருச்சு. கூட்டம் நடக்கும்போது இப்படி இடத்த விட்டுப் போறது விதிப்படி சரியில்லன்னு நான் சொன்னேன். ஒருத்தன் கேக்கல. தலைவரே முன்னாடி நடக்கா, என்ன செய்ய? முக்கால் மைல் நடந்து கேட்டுக்குப் போயிட்டாக. கிளைச் செயலாளர் மகன்தான் கேட்டுல நிக்கான், சூப்பர்வைசர் சட்டை போட்டுக்கிட்டு. அவன் அப்பனும் கூட்டத்துல இருக்காரு. அவன் கேட்டத் திறந்து விட்டுட்டு ஓரமாப் போயிட்டான். குருவத்தாய் கேட்டுத் தூணுக்கு இடது பக்கம் அடியளந்தா. நாலடி. இங்க தோண்டுங்கன்னா. கடப்பாரை போட்டாக. ரெண்டு அடியில டங்குன்னு சத்தம் கேட்டுச்சு.

சர்வே கல்லுதான். தலையில குறி வெட்டினது. அந்தக் குறிய எனக்குத் தெரியாதா?

பாருங்க, நான் அந்தக் கல்ல மறைக்கல. இதத் தெளிவா எழுதுங்க. மண்ணப் போட்டு மூடினது ஜேசிபிக்காரன். அந்த இடத்துல கேட்டு வைக்கச் சொன்னது என்ஜினீயர். நான் பக்கத்துல நின்னேன், அவ்வளவுதான். நின்னது குத்தமா?

திரும்பப் பள்ளிக்கூடத்துக்கு வந்தாக. முதல் தீர்மானத்த ரத்து செய்யணும், ஓடையத் திறக்கணும், ரெண்டாவது கட்டம் வேண்டாம்னு ஜெயக்கொடியே எழுதினா. தன் கையெழுத்துல. எனக்கு ஆச்சரியமாப் போச்சு, கோழி கிண்டினாப்புல இருக்கும்னு நினைச்சேன், முத்து முத்தா எழுதுதா. பத்தாம் கிளாஸ்ல பள்ளிக்கூடத்துக்கே முதலா வந்தவளாம். யாரும் எனக்குச் சொல்லல. சம்மதிக்கிறவுக கை தூக்குங்கன்னா.

நான் எண்ணினேன். எண்ணிப் பழகின ஆளு. ஆம்பளைக பக்கம் முதல்ல அங்கயும் இங்கயுமா அறுபது கை. அப்புறம் பொம்பளைக பக்கம். ஒரு வரிசை, ரெண்டு வரிசை, எண்ணிக்கிட்டே வாரேன், நூத்தி நாப்பத்திரெண்டாவது கை என் சம்சாரம் சொர்ணம்.

இல்ல, அவ தூக்கல. தூக்கினான்னு சொல்ல முடியாது. வெயில் மூஞ்சியில அடிச்சிருக்கும், மறைச்சிருப்பா. இல்லைன்னா பக்கத்துல இருக்கிறவ தூக்கினாளேன்னு தூக்கியிருப்பா. அவளுக்கு இந்த விவகாரம் ஒண்ணும் தெரியாது. வீட்டுல நான் ஆபீஸ் விஷயம் பேசுறதே கிடையாது. நாப்பது வருஷத்துல ஒரு நாள் பேசினதில்ல. அன்னைக்கு மத்தியானம் வீட்டுக்கு வந்தேன், இலையப் போட்டு சோறு வச்சா. ரசம் ஊத்தினா. நான் கேக்கல. அவளும் சொல்லல. எட்டு மாசம் ஆயிருச்சு. இத எழுதாதீக.

அப்புறம் நடந்ததுதான் உங்களுக்குத் தெரியுமே. ரெவின்யூ ஆர்.டி.ஓ. வந்தாரு, அளந்தாரு. கல்லு இருக்கிறப்ப அவரு என்ன செய்வாரு பாவம். ஓடைய மூணு மாசத்துல பழையபடி திறக்கணும்னு உத்தரவு. நடுவுல முப்பது ஏக்கர் தகட்டையும் பிடுங்கினாக. ரெண்டாவது கட்டத்து நூறு ஏக்கரும் போச்சு. கட்சிக்காரன் ரெண்டு பேரும் அதுக்கப்புறம் தீர்மானத்த ஆதரிச்சுப் பேசி போஸ்டர் அடிச்சிட்டான். ஜல்லி லோடு வாங்கின வாய். என் லிஸ்ட்டுல இருந்த இருபத்தேழு பேருல ஒருத்தன்கூட அந்தக் கூட்டம் வரைக்கும் எதுத்து ஒரு வார்த்தை பேசலையே, கவனிச்சீகளா? என் கணக்கு எங்க தப்புச்சு? நான் எழுதினவன் ஒருத்தனும் தடுக்கல. தடுத்தது லிஸ்ட்டுலயே இல்லாத ஆளு. அதுக்கு நான் பொறுப்பா?

அதான் சொல்லுதேன், அவளுக்குப் பின்னால ஒரு ஆளு இருக்கான். நான் விடல. ஆறு மாசம் விசாரிச்சேன். கோவில்பட்டியில ஒரு வக்கீல் மேல சந்தேகப்பட்டேன். அவரு வேப்பலூரணிய மேப்புல காட்டச் சொல்லுதாரு. வேற கம்பெனிக்காரன் தூண்டி விட்டிருப்பானோன்னு பாத்தேன், இல்ல. படம் பிடிக்கிற பயலக் கேட்டேன், எனக்கே அன்னைக்குத்தான் தெரியும் பெரியப்பாங்கான். பொம்பளைகள யாரு திரட்டினான்னு கேட்டா, ரேஷன் கடையில பேசிக்கிட்டோம், தண்ணி பிடிக்கப் போன இடத்துல பேசிக்கிட்டோம்னு சொல்லுதாக. ரேஷன் கடையிலயா ஒரு கம்பெனிய நிறுத்துவாக? யாருன்னு கண்டுபிடிச்சு எழுதுங்க, உங்க ரிப்போர்ட்டுக்கு மதிப்பு வரும். அத விட்டுட்டு ஓடை, கல்லுன்னு எழுதிக்கிட்டு இருக்காதீக.

என்ன, மூடிட்டீக நோட்ட? அவளப் பாக்கப் போறீகளா? எதுக்கு? அவ என்ன புதுசாச் சொல்லப் போறா? அவ பேசமாட்டா. என்னத் தெருவுல கண்டாலும் ஆடுகள ஓரமாத் தள்ளிக்கிட்டு, காத்துக்கு வழி விடுற மாதிரி நின்னுட்டுப் போறா. நான் கூட வரமுடியாது, முட்டி வலி. தெக்க போயி, பம்ப் ரூம் தாண்டி, யாரையாவது கேட்டுக்கிடுங்க.

ஏ சொர்ணம், நீ எங்க கிளம்புத? அடுப்ப அணைச்சியா? செருப்பு எதுக்கு மாட்டுத?

அவங்களே கேட்டுப் போவாங்க. நீ எதுக்கு வழி காட்ட? பம்ப் ரூம் வழி சகதியா இருக்குமா? உனக்கு எப்படித் தெரியும்? சகதின்னா நாய்க்கன் புஞ்சை வரப்புல போகணும்னு உனக்கு யாரு சொன்னா?

நில்லு. அந்தத் தூக்குவாளியில என்ன?

சொர்ணம், நீ அவ பட்டிக்கு எத்தனை தடவ போயிருக்க? உன்கிட்டத்தான் கேக்கேன்.